தம்பிக்கு வலிப்பு, அக்காவுக்கு மூளை ஆராய்ச்சி ஆசை: டாக்டருக்குப் படிப்பதா, அறிவியலா?

வாசகர் கடிதம்: "சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். மகள் படிவம் ஆறில் அறிவியல் பிரிவு, முதல் தவணை. இளையவனுக்கு வயது பதினொன்று. நான்கு வயதிலிருந்து வலிப்பு. ஈப்போவில் மருந்து எடுக்கிறோம். அவனைப் பார்த்தே வளர்ந்தவள், மூளையில் இருக்கும் ரிசெப்டர், மரபணு சிகிச்சை பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். 'டாக்டருக்குப் படிக்க வை, ஆராய்ச்சி சோறு போடாது' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எத்தனை வருஷம் ஆகும், எவ்வளவு செலவு, அங்கே உண்மையில் என்ன வேலை செய்வாள்? இந்தச் சிகிச்சை என் மகனுக்கு எப்போது கிடைக்கும்?"

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வலிப்புக்கென்று அங்கீகாரம் பெற்ற மரபணு சிகிச்சை இன்றைய தேதிக்கு எங்குமே இல்லை. சில வகை வலிப்புகளுக்குச் சோதனைகள் நடக்கின்றன, அவ்வளவுதான். பணம் கட்டினால் மரபணு மருந்தோ ஸ்டெம் செல்லோ போட்டுக் குணமாக்குகிறோம் என்று யார் வந்தாலும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். இப்போது எடுக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விடவேண்டாம். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரக்கூடும்.

அடுத்த முறை ஈப்போ போகும்போது மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இவனுக்கு வலிப்பு வரக் காரணம் தெரிந்திருக்கிறதா? மரபணுப் பரிசோதனை செய்தால் பயன் உண்டா?" காரணம் தெரிந்தால் இன்றைய மருந்தே மாறலாம். டிராவே என்றொரு வகை வலிப்பு உண்டு. பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவின் பழுதால் வருவது. மற்ற பல வலிப்புகளுக்குக் கைகொடுக்கும் கார்பமாசெபின், அந்தக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டிவிடும். டிராவே அநேகமாக முதல் வயதுக்குள் காய்ச்சலோடு தொடங்கும். உங்கள் மகனுக்கு நான்கு வயதில்தான் வந்தது என்கிறீர்கள், ஆகவே அதுதான் என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதற்காக எழுதுகிறேன்.

மகள் பேசும் ரிசெப்டர் உங்கள் வீட்டிலேயே வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றுதான். மூளை செல்லின் மேல்தோலில் காபா-ஏ என்றொரு ரிசெப்டர், அதாவது ஏற்பி, இருக்கிறது. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நடுவே ஒரு துளையை உண்டாக்குகின்றன. காபா என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டினால் துளை திறக்கும், குளோரைடு அயனி உள்ளே போகும், செல் அடங்கும். வலிப்பு நிற்காதபோது மருத்துவமனையில் கொடுக்கும் டயசெபாம் இந்தத் துளையை அடிக்கடி திறக்க வைக்கிறது. ஆனால் வலிப்பு நீள நீள, செல் அந்த ஏற்பிகளை மேல்தோலிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மருந்து பிடிக்க ஆளில்லாமல் போகிறது. அதனால்தான் ஐந்து நிமிடம் என்ற கணக்கு. வலிப்பு வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள், பையனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுத்துக்கொண்டு நேரத்தை விடவேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 999. ஏற்பி எங்கே இருக்கிறது, எப்போது இடம் மாறுகிறது என்று யாரோ ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான் இந்த அவசரத்துக்குக் காரணம் தெரிந்தது. உங்கள் மகள் போக நினைப்பது அந்த வேலைக்குத்தான்.

இனி மரபணு சிகிச்சை. மூளைக்கு மரபணுவைக் கொண்டுபோக இன்று அதிகம் பயன்படுவது ஏஏவி என்ற குட்டி வைரஸ். அகலம் சுமார் 25 நானோமீட்டர். அதன் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைத்து அனுப்புகிறார்கள். உங்கள் லாரியைப் போல அதற்கும் ஏற்றும் அளவு உண்டு: சுமார் 4,700 மரபணு எழுத்து. இரு முனையிலும் தலா 145 எழுத்து கொண்ட ஒரு பகுதி கட்டாயம் இருக்கவேண்டும். மரபணுவை இயக்கும் பகுதிக்கும் முடித்து வைக்கும் பகுதிக்கும் இடம் விடவேண்டும். காபா-ஏ ஏற்பியின் ஆல்ஃபா-1 துண்டுக்கான மரபணு சுமார் 1,400 எழுத்து, தாராளமாகப் போகும். என்எம்டிஏ என்ற இன்னொரு ஏற்பியின் ஜிஆர்ஐஎன்2பி மரபணுவோ சுமார் 4,450. இரு முனையைச் சேர்த்தாலே இடம் தீர்ந்துவிடும். டிராவேக்குக் காரணமான எஸ்சிஎன்1ஏ சுமார் 6,000, ஏற்றவே முடியாது. அதனால் அந்தக் குழந்தையிடமே இருக்கும் பழுதில்லாத இன்னொரு பிரதியைத் தூண்டிவிட்டு அதிகம் வேலை வாங்கும் வழியைச் சோதிக்கிறார்கள். "பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதை வைத்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்த அளவில்தான்.

அளவு பொருந்தியபோது என்ன நடந்தது என்றும் சொல்லவேண்டும். ஏஏடிசி என்ற நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் மூளையில் டோபமின் உண்டாகாது. தலை நிற்காது, உட்கார வராது. அந்த நொதியின் மரபணு 1,440 எழுத்துதான். தைவானில் தொடங்கி வளர்ந்த சிகிச்சை இது. 2022-ல் ஐரோப்பாவிலும் 2024-ல் அமெரிக்காவிலும் அங்கீகாரம் கிடைத்தது. மண்டையில் துளையிட்டு, புட்டமென் என்ற ஆழமான பகுதியில் பக்கத்துக்கு இரண்டு இடமாக நான்கு இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் 0.08 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 0.003 மில்லிலிட்டர் வேகத்தில் செலுத்துகிறார்கள். ஓர் இடத்துக்கே ஏறக்குறைய 27 நிமிடம். வேகம் கூடினால் மருந்து மூளைக்குள் பரவாமல் ஊசி போன வழியே மேலேறிவிடும்.

மொத்தமாகப் போவது 180 பில்லியன் வைரஸ். முதுகெலும்புத் தசைச் சிதைவுக்கு 2019-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சிகிச்சையில் ரத்தநாளம் வழியாகக் கிலோவுக்கு 110 டிரில்லியன் செலுத்துகிறார்கள். பத்துக் கிலோ குழந்தை என்றால் மூளைக்குள் நேரே கொடுப்பதைவிட ஆறாயிரம் மடங்கு. அதில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போவதால் முந்தின நாளிலிருந்தே ஸ்டீராய்டு கொடுத்து ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒருமுறை வாங்கிய உடம்பில் எதிர்ப்புப் புரதம் உண்டாகிவிடும், அதே வைரஸை மறுமுறை கொடுக்க முடியாது. முதல் முறையே சரியாக அமையவேண்டும்.

எல்லாம் வெற்றி பெறவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காபாவை உண்டாக்கும் நொதியின் மரபணுவை வைத்த முயற்சி அதற்கு நல்ல சாட்சி. 2007-ல் வெளியான முதல் கட்டத்தில் 12 பேர், எல்லாரும் நம்பிக்கையோடு இருந்தார்கள். 2011-ல் வந்த அடுத்த கட்டத்தில் ஒரு குழுவுக்கு உண்மையான சிகிச்சை, மறு குழுவுக்கு மண்டையோட்டில் பாதித் துளை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களின் அசைவுக் குறைபாடு 23.1 விழுக்காடு குறைந்தது. பாதித் துளைக் குழுவிலும் 12.7 விழுக்காடு குறைந்தது. வித்தியாசம் உண்மையானதுதான், ஆனால் சிறியது. அதை நடத்திய நிறுவனம் 2012-ல் திவாலானது. மகள் இதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும். மருந்து சுமாராக இருந்தாலும், பணம் தீர்ந்தாலும், பத்து இருபது ஆண்டு உழைப்பு அப்படியே நின்றுபோகும். அதில் கிடைத்த அறிவு அடுத்தவருக்குப் பயன்படும், ஆனால் அந்த நேரத்தில் அது ஆறுதல் தராது.

அன்றாட வேலை என்னவென்றால், பெரும்பகுதி கைவேலை. ஏற்பியைப் படிக்க பேட்ச் கிளாம்ப் என்ற முறை இருக்கிறது. 1976-ல் ஜெர்மனியில் நேஹர், சாக்மன் இருவரும் உருவாக்கி 1991-ல் நோபல் பரிசு வாங்கியது. எலியின் மூளையை 300 மைக்ரோமீட்டர் தடிப்பில் சீவி, ஆக்சிஜன் கலந்த உப்புக் கரைசலில் உயிரோடு வைத்து, ஒரு மைக்ரோமீட்டர் அளவு நுனியுள்ள கண்ணாடிக் குழாயைச் செல்லின் மேல் ஒட்டி, பிகோஆம்பியர் அளவு மின்னோட்டத்தை அளக்கிறார்கள். சீவிய துண்டு ஆறு முதல் எட்டு மணி நேரம்தான் தாங்கும். காலையில் சீவினால் இரவு வரை நகர முடியாது.

புதியவர்கள் தோற்கும் இடங்கள் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். குழாயைக் கரைசலில் இறக்கும்போது உள்ளிருந்து மெல்லிய காற்றழுத்தம் கொடுக்க மறப்பார்கள். நுனியில் அழுக்கு ஒட்டும், செல்லோடு ஒட்டாது. மூளையை வெளியே எடுக்க நேரம் பிடித்துவிட்டால், நுண்ணோக்கியில் பார்க்கும்போதே செல்கள் உப்பி, நடுவில் உட்கரு தெளிவாகத் தெரியும். அது செத்த செல், அதில் நேரம் கழிக்கக்கூடாது. வெளிக் கரைசலில் கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு 300 மில்லிஆஸ்மோல் அளவிலும், குழாய்க்குள் இருப்பது அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கவேண்டும். மாறினால் செல் வீங்கி வெடிக்கும். அளவு நிலைக்காமல் நழுவிக்கொண்டே போனால் குழாய்க்குள் மின்னோட்டத்தை எடுக்கும் வெள்ளிக் கம்பியின் மேலுள்ள குளோரைடு பூச்சு தேய்ந்திருக்கும். துணிக்குப் போடும் குளோராக்ஸில் கம்பியை ஊறவைத்து, பளபளப்பு போய்க் கருஞ்சாம்பல் நிறம் வரும்வரை காத்திருந்து, கழுவி மாட்டினால் சரியாகிவிடும். திரையில் ஒரே சீராக நடுக்கம் தெரிந்தால் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்தான், நில இணைப்பைத் தேடவேண்டும். பதிவின் நடுவே குழாயின் மின்தடை 20 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் அந்தச் செல்லின் கணக்கைத் தூக்கிப் போடவேண்டும். அன்றைக்கு அது ஒன்றுதான் கிடைத்திருந்தாலும் போடத்தான் வேண்டும். ஆராய்ச்சியாளரின் குணம் தெரியும் இடம் இது.

வைரஸ் செய்யும் வேலை வேறு மாதிரி. எச்இகே 293 என்ற வளர்ப்புச் செல்லில் மூன்று பிளாஸ்மிட்களை, அதாவது வட்டமான டிஎன்ஏ துண்டுகளை, ஒன்றாகப் போட்டு, மூன்று நாள் கழித்து அறுவடை செய்து, 15, 25, 40, 60 விழுக்காடு என்று அயோடிக்சனால் என்ற அடர்த்தியான திரவத்தின் அடுக்குகளில் அதிவேகமாகச் சுழற்றினால் வைரஸ் 40 விழுக்காட்டு அடுக்கில் தங்கும். 60-க்கும் 40-க்கும் இடைப்பட்ட எல்லைக்குச் சற்றுக் கீழே ஊசியைக் குத்தி உறிஞ்சவேண்டும். பேராசையில் மேலே உள்ள 25 விழுக்காட்டு அடுக்கு வரை எடுத்தால் மரபணு ஏறாத வெற்று வைரஸ் ஓடுகளும் செல் கழிவும் சேர்ந்து வரும். இதைவிட மோசமான தவறு ஒன்று முதல் நாளே நடந்திருக்கும்: பிளாஸ்மிட்டைப் பெருக்கும் பாக்டீரியாவே அந்த 145 எழுத்து முனைகளைக் கத்தரித்துவிடும். அதற்கென்று உள்ள பாக்டீரியா வகையை 30 டிகிரியில் வளர்த்து, ஒவ்வொரு முறையும் முனைகள் முழுசாக இருக்கின்றனவா என்று ஸ்மா-1 நொதியால் வெட்டிப் பார்க்கவேண்டும். பார்க்காதவர்கள் இரண்டு மாதம் கழித்து, எலியின் மூளையில் ஒன்றுமே தெரியாதபோது கண்டுபிடிப்பார்கள். எண்ணிக்கை பார்ப்பதற்கு முன் மிச்சமிருக்கும் பிளாஸ்மிட்டை நொதி போட்டு அழிக்காவிட்டால் வைரஸ் ஏராளம் என்று காட்டும், அத்தனையும் பொய்.

எலியைக் கொல்வது மகளுக்கு ஒத்துவராது என்றால் இப்போதே பேசிவிடுங்கள். வெட்கப்படவேண்டிய விஷயமில்லை. வளர்ப்புச் செல்லில் ஏற்பியை வைத்து ஆராய்பவர்கள், கணினியில் மட்டுமே வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நடுவழியில் தெரியவந்தால் ஆய்வுத் தலைப்பையே மாற்றவேண்டி வரும்.

டாக்டரா, அறிவியலா என்ற கேள்விக்கு வருகிறேன். மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, ஹவுஸ்மேன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி 2 ஆண்டு. மரபணு சிகிச்சையில் மருத்துவரின் பங்கு நோயாளியைத் தேர்ந்தெடுப்பது, செலுத்துவது, பல ஆண்டு கவனிப்பது. மருந்தை வடிவமைப்பது, ஏற்பியை அளப்பது, ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது அறிவியல் பக்கம். மருத்துவம் முடித்தவர் பின்னால் பிஎச்டி செய்ய வரலாம், அறிவியல் முடித்தவர் மருத்துவத்துக்குத் திரும்புவது கடினம், செலவும் அதிகம். சொந்தக்காரர்கள் நினைப்பது போல டாக்டர் என்றாலே நிரந்தர அரசு வேலை என்ற காலம் போய்விட்டது. 2016 இறுதியிலிருந்து புதியவர்கள் ஒப்பந்த முறையில்தான் சேர்கிறார்கள். ஆகவே பாதுகாப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தம்பிக்கு வலிப்பு வரும்போது மகள் முதலில் என்ன செய்கிறாள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவனோடு இருக்கவே மனம் போகிறதென்றால் மருத்துவம். அடங்கியபின் "இன்றைக்கு ஏன் வந்தது, நேற்று ஏன் வரவில்லை?" என்று குறித்து வைக்கிறவள் என்றால் அறிவியல்.

அறிவியல் என்று முடிவானால், யூபியு என்ற அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நரம்பியல் என்ற பெயர் தேடி அலையவேண்டாம். உயிர்வேதியியல், உயிரிமருத்துவ அறிவியல், மூலக்கூறு உயிரியல், இவற்றில் எது கிடைத்தாலும் சரி. கணிதம் டி பாடத்தை மட்டும் விட்டுவிடக்கூடாது. இந்தத் துறையில் பின்னாளில் திணறுபவர்கள் பெரும்பாலும் உயிரியலில் அல்ல, புள்ளியியலிலும் மின்னியலிலும்தான் திணறுகிறார்கள். மூயட் தேர்வையும் லேசாக நினைக்கவேண்டாம், ஆய்வுக் கட்டுரை அத்தனையும் ஆங்கிலம்.

பட்டப்படிப்பு மூன்று நான்கு ஆண்டு, ஆய்வு மாஸ்டர்ஸ் ஏறக்குறைய இரண்டு, பிஎச்டி உள்நாட்டில் மூன்று நான்கு, அமெரிக்காவில் ஐந்து ஆறு. அதன்பின் போஸ்ட்டாக் என்ற ஒப்பந்த வேலை சில ஆண்டு. சொந்த ஆய்வுக்கூடம் அமைய முப்பத்தைந்து வயது தாண்டும். நம் நாட்டில் இதற்கான நிரந்தர இடங்கள் குறைவு, மறைக்க ஒன்றுமில்லை. மாஸ்டர்ஸோடு நிறுத்தி மருத்துவச் சோதனை நடத்தும் நிறுவனத்திலோ தரக்கட்டுப்பாட்டிலோ சேர்வதும் கௌரவமான வழிதான், அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

செலவைப் பொறுத்தவரை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு பிடிபிடிஎன் கடன் போதும். முதல் வகுப்பில் தேறினால் குடும்ப வருமான நிபந்தனைக்கு உட்பட்டுக் கடன் விலக்கு கேட்கலாம். பட்டமளிப்பு முடிந்த கையோடு விண்ணப்பிக்கவேண்டும், கெடு தாண்டினால் கிடைக்காது. அதற்குமேல் கைக்காசு போட்டு பிஎச்டி படிக்க வைக்காதீர்கள். பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து மாத உதவித்தொகை வரவேண்டும், வராத இடத்துக்குப் போகவேண்டாம். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட், சிங்கப்பூரின் சிங்கா, ஒகினாவாவில் மாஸ்டர்ஸ் இல்லாமலே நேரே பிஎச்டிக்கு எடுக்கும் ஓஐஎஸ்டி, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மேக்ஸ் பிளாங்க் நரம்பியல் பள்ளி என்று பணம் கொடுத்துப் படிக்க வைக்கும் வழிகள் இருக்கின்றன. அவர்கள் எல்லாரும் மதிப்பெண்ணுக்கு அடுத்துப் பார்ப்பது, ஆய்வுக்கூடத்தில் கைவைத்து வேலை செய்தவரா என்பதைத்தான்.

அதனால் பட்டப்படிப்பில் மிக முக்கியமான முடிவு, இறுதியாண்டு ஆய்வுக்கு எந்தக் கூடத்தில் சேர்வது என்பது. இரண்டாம் ஆண்டு முடியும்போதே பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்கவேண்டும். யுஎஸ்எம்மின் குபாங் கிரியான் வளாகம், யுபிஎம், யுகேஎம், மலாயாப் பல்கலைக்கழகம் எங்கும் மூளை ஆராய்ச்சி நடக்கிறது. கடிதம் இருநூறு சொல்லுக்குள் இருக்கட்டும்: அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து எழுந்த ஒரு கேள்வி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வரமுடியும், மதிப்பெண் பட்டியல். "சிறு வயதிலிருந்தே ஆர்வம்" என்று தொடங்கும் கடிதத்தை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. நேரில் கூப்பிட்டால் அவளும் கேட்கவேண்டும்: கருவி ஓடுகிறதா, கடந்த ஆறு மாதத்தில் யார் பயன்படுத்தினார்கள்? பக்கத்தில் நின்று கற்றுத்தரப் போவது யார்? விலங்கு நெறிக்குழு அனுமதி கையில் இருக்கிறதா, விண்ணப்பத்தில் இருக்கிறதா? இந்தக் கூடத்தில் பிஎச்டி முடித்தவர்களுக்கு எத்தனை ஆண்டு பிடித்தது? கடைசிக் கேள்விக்கு அங்குள்ள மாணவர்கள் சொல்லும் பதிலையே நம்புங்கள்.

பள்ளியில் இருக்கும்போதே செய்யக்கூடியது இரண்டு. ஆய்வுக்கூட ஆசிரியரிடம் கேட்டு, நுண்ணளவு திரவத்தை உறிஞ்சி விடும் மைக்ரோபிப்பெட் இருந்தால் 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைத் தராசில் பத்து முறை விட்டு எடைபோடட்டும். ஒவ்வொன்றும் 0.1 கிராமுக்குப் பக்கத்தில் வரவேண்டும், ஒரு விழுக்காட்டுக்கு மேல் விலகினால் கட்டைவிரலைச் சட்டென்று விடுகிறாளா என்று பார்க்கவேண்டும். இன்னொன்றுக்குக் கைப்பேசி போதும். என்சிபிஐ என்ற இலவசத் தளத்தில் வலிப்போடு தொடர்புள்ள பத்து மரபணுக்களைத் தேடி, புரதமாக மாறும் பகுதியின் நீளத்தைக் குறித்து, எது ஏஏவியில் ஏறும், எது ஏறாது என்று அட்டவணை போடட்டும். ஏறாதவற்றுக்கு என்ன வழி என்று அவளுக்குத் தோன்றுவதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதுகிறேன். தம்பியின் வலிப்பு நாள், நேரம், எத்தனை நிமிடம் நீடித்தது, முந்தின இரவு எவ்வளவு தூங்கினான் என்று அவள் ஒரு நோட்டில் எழுதி வந்தால், அடுத்த முறை ஈப்போ போகும்போது அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.